தள்ளியவர் கை, திருப்பியவர் கை

புதுச்சேரி அரசு அருங்காட்சியகத்தில் பல்லக்கு, குதிரை வண்டி ஆகியவற்றின் வரிசையில் ஒரு ‘புஷ் வண்டி’யும் இடம்பெற்றிருக்கிறது. கை ரிக்‌ஷாவை முன்னால் நின்று இழுப்பார்கள். இதைப் பின்னால் நின்று தள்ளுவார்கள். உட்கார்ந்திருக்கும் துரையின் கையில் ஒரு கம்பி இருக்கும். அதைப் பிடித்து முன்சக்கரத்தை இடமும் வலமும் திருப்புவது மட்டும் அவர் வேலை. பாரதியார் இந்த ஊரில் இருந்த 1908 முதல் 1918 வரையிலான ஆண்டுகளில் புதுச்சேரித் தெருக்களில் சர்வசாதாரணமாக ஓடிய வண்டி இது.

வண்டி போகும் திசை ஏறியவர் கையில்; பாரம் தள்ளுகிறவர் தோளில். அச்சு காய்ந்து சக்கரம் கிறீச்சிட ஆரம்பித்தால் அது முதலில் தெரிவது யாருக்கு? மெத்தையில் சாய்ந்திருப்பவருக்கு அல்ல. ஒரு சொட்டு எண்ணெய் குறைந்தாலும் மூச்சு வாங்குவது பின்னால் இருப்பவருக்குத்தான். வண்டியை வைத்திருப்பவர் ஒருவர், அதன் உடம்பு நோவை அறிந்தவர் இன்னொருவர். புதுச்சேரியில் வீட்டிலேயே வண்டி பார்த்துக்கொள்ளும் பழக்கம் வளர்ந்ததும் தேய்ந்ததும் இந்த இருவருக்கும் இடையே இருந்த தூரத்தைப் பொறுத்துத்தான்.

மோட்டார் வருவதற்கு முன்பே மசகு போடும் வேலை இந்த மண்ணுக்குப் பழக்கமானதுதான். மாட்டு வண்டிக்கு ‘மை’ போடுவார்கள். வைக்கோலை எரித்துக் கிடைக்கும் கரியை விளக்கெண்ணெயில் குழைத்தால் மை தயார். அதை ஒரு மூங்கில் குழாயில் அடைத்து வண்டியின் அடியில் தொங்கவிட்டிருப்பார்கள். நெடுவழி போகும்போது கடையாணியைக் கழற்றி, சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே இழுத்து, அச்சில் மை தடவி, மறுபடி ஏற்றிவிட்டுப் புறப்படுவது வண்டிக்காரர் வேலை. இதற்கென்று தனியாக ஒரு ஆளைத் தேடிப் போனதில்லை.

புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் உமணர்களின் உப்பு வண்டியைப் பேசுகிறார். மேடு பள்ளத்தில் என்ன ஆகுமோ என்று அஞ்சி, வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு அவர்கள் புறப்பட்டார்கள் என்பது அதில் வரும் செய்தி. ‘சேம அச்சு’ என்று அதற்குப் பெயர். இன்றைக்கு ஸ்டெப்னி டயர் செய்யும் அதே வேலை. புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணத்தில் இன்றும் உப்பளங்கள் இருக்கின்றன. சங்க நூல்கள் சொல்லும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுபோய் விற்றவர்களுக்கு வழியில் அச்சு முறிந்தால் சரக்கும் போச்சு, பிழைப்பும் போச்சு. அதனால்தான் வண்டியை ஓட்டியவரே அதைப் பழுது பார்க்கவும் கற்றிருந்தார்.

மோட்டார் கார் பிறந்தபோது அதற்கும் இதே நிலைதான். 1900இல் பிரான்சின் மிஷ்லின் டயர் நிறுவனம் கார் வைத்திருந்தவர்களுக்கு இலவசமாக ஒரு கையேட்டை அச்சிட்டுக் கொடுத்தது. 35,000 பிரதிகள். ஓட்டல்களுக்கு நட்சத்திரம் வழங்குவதால் இன்று உலகப் புகழ் பெற்றிருக்கும் மிஷ்லின் கையேட்டின் முதல் பதிப்பு அது. அதில் சாப்பாட்டைவிட முக்கியமாக இருந்தவை வேறு விஷயங்கள்: டயரை எப்படிக் கழற்றுவது, எப்படி ஒட்டுவது, எந்த ஊரில் பெட்ரோல் கிடைக்கும், எங்கே மெக்கானிக் இருக்கிறார். ஊருக்கு ஊர் பட்டறை இல்லாத காலத்தில் காரில் ஏறியவர் பாதி மெக்கானிக்காக இருந்தாக வேண்டும்.

அமெரிக்காவின் ஃபோர்டு மாடல் டி இதை இன்னும் கறாராகக் கேட்டது. எண்ணெய் அளவு பார்க்க அதில் டிப் ஸ்டிக் கிடையாது. எஞ்சினின் பின்பக்கம், அடியில், மேலும் கீழுமாக இரண்டு சிறு குழாய்கள் இருக்கும். ஓட்டுகிறவர் தரையில் படுத்து அவற்றைத் திறந்து பார்க்க வேண்டும். மேல் குழாயில் எண்ணெய் வந்தால் போதுமான அளவு இருக்கிறது. கீழ்க் குழாயிலும் வராவிட்டால் வண்டியை எடுக்கவே கூடாது. சட்டையில் கறை படாமல் மாடல் டி வைத்திருப்பது கடினம்.

தமிழ்நாட்டில் மோட்டாரை இப்படிக் கையால் படித்தவர்களில் தலையாயவர் ஜி.டி.நாயுடு. 1893இல் கோவைக்கு அருகே கலங்கலில் பிறந்தவர். பள்ளிப் படிப்பில் மனம் ஒட்டாமல் சுற்றிக்கொண்டிருந்த இளைஞர், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மலைத்துப் போனார். கோவைக்கு வந்து ஓட்டலில் வேலை செய்து, காசு சேர்த்து, கடைசியில் அந்த வண்டியை வாங்கியே விட்டார். வாங்கியவர் அதை ஓட்டிக் காட்டிப் பெருமைப்பட்டதோடு நிற்கவில்லை. பகுதி பகுதியாகக் கழற்றினார், எது எதற்கு என்று பார்த்தார், மறுபடி பூட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸோடு தொழிலைத் தொடங்கியபோது ஓட்டுநரும் அவரே. யுனைடெட் மோட்டார் சர்வீஸ் என்ற பெரிய நிறுவனம் அந்த ஒற்றைப் பஸ்ஸிலிருந்து வளர்ந்தது. கழற்றிப் பார்த்தவருக்குத் தொழிலும் கைவந்தது.

ஆனால் நாயுடு போன்றவர்கள் அபூர்வம். பெரும்பாலான கார் முதலாளிகள் புஷ் வண்டியில் ஏறிய துரையின் வழியிலேயே போனார்கள். கார் என்றால் கூடவே டிரைவர். வீட்டில் எண்ணெய் மாற்றினார்கள் என்றால் மாற்றியது டிரைவர்; முதலாளி திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அச்சில் மை தடவுவது, அழுக்குத் துணியால் கை துடைப்பது எல்லாம் ‘நம்ம வேலை இல்லை’ என்று நினைத்த வீடுகள் அன்று ஏராளம்.

இதற்கு விதிவிலக்காகப் புதுச்சேரியில் ஒரு இடம் இருந்தது. 1926இல் உருவான ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமம்.

அதற்கு முந்தைய ஆண்டே, 1925 டிசம்பரில், ஃபிலிப் பார்பியே செந்த்-இலேர் என்ற பிரெஞ்சுக்காரர் ஸ்ரீ அரவிந்தரிடம் வந்து சேர்ந்தார். பாரிஸின் புகழ்பெற்ற எக்கோல் பாலிடெக்னிக்கில் படித்த பொறியாளர். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் இருந்தவர். ஸ்ரீ அரவிந்தர் அவருக்குப் பவித்ரா என்று பெயர் வைத்தார். பிரான்சில் இருந்திருந்தால் பெரிய அரசாங்க உத்தியோகத்தில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டியவர், இங்கே ஆசிரமத்தின் பட்டறையை ஏற்று நடத்தினார். ஆசிரமத்தை நிர்வகித்த அன்னை வெளியே போகும்போது காரையும் ஓட்டினார். படித்தவர் கையில் கிரீஸ் படக்கூடாது என்ற வழக்கம் அந்தக் காம்பவுண்டுச் சுவருக்குள் செல்லுபடியாகவில்லை.

1930களில் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டடம் எழுந்தபோது இந்தப் பட்டறை மரபு இன்னும் விரிந்தது. அந்தோனின் ரேமண்ட் வரைந்து, ஜார்ஜ் நாகாஷிமாவும் சாமரும் நின்று கட்டிய கட்டடம் அது. கதவுக் கீல், கைப்பிடி, கொக்கி ஆகியவற்றைக் கடையில் வாங்கவில்லை. அன்பர்கள் கொடுத்த பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கி வார்த்துக்கொண்டார்கள். அதற்காக ஏற்பட்ட பட்டறைக்கு ஹார்ப்பகோன் என்று பெயர். மோலியேர் நாடகத்தில் வரும் மகா கருமியின் பெயர் அது. குண்டூசியைக்கூட வீணாக்காத பட்டறைக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

கருமித்தனம் அந்த நாட்களில் ஊருக்கே தேவைப்பட்டது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. தமிழ்நாட்டுச் சாலைகளில் கரிவாயுவில் பஸ் ஓடியது. மதுரை டி.வி.எஸ். நிறுவனம் அதற்கான கருவியையே தயாரித்து விற்றது. வண்டியின் பின்னால் ஒரு பீப்பாயைக் கட்டி, அதில் அடுப்புக்கரி போட்டு, கையால் விசிறியைச் சுற்றிக் கனலவைக்க வேண்டும். வாயு கிளம்பிய பிறகுதான் எஞ்சின் இயங்கும். சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் சாம்பலை வாரிக் கொட்டி, வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்தாக வேண்டும். ஒருநாள் விட்டால் மறுநாள் வண்டி நகராது. டிரைவருக்கும் கிளீனருக்கும் தினமும் பராமரிப்பு நாள்தான்.

புதுச்சேரிக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது: எல்லைக்கோடு. பிரெஞ்சுப் பகுதி ஒரே துண்டாக இல்லை. நடுநடுவே பிரிட்டிஷ் கிராமங்கள் புகுந்து கிடந்தன. நகரத்திலிருந்து பாகூருக்குப் போக வேண்டுமானாலும் அடுத்த நாட்டு மண்ணை மிதித்துத்தான் போக வேண்டும். 1941இல் பிரெஞ்சு இந்தியாவும் பிரிட்டிஷ் இந்தியாவும் சுங்க ஒப்பந்தம் செய்துகொண்டன. சுதந்திர இந்தியா 1949இல் அதை முடித்துக்கொண்டது. அதன் பிறகு எல்லையில் சோதனைச் சாவடிகள். உள்ளே வெளிநாட்டுச் சரக்கு தாராளம். 1954 நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறும்வரை இந்த நிலை நீடித்தது. சட்டப்படியான இணைப்பு முடிய 1962 ஆகஸ்ட் 16 ஆயிற்று.

அந்த எல்லை வரைபடத்தில் மட்டும் இருக்கவில்லை. ஸ்பானர் பெட்டிக்குள்ளும் இருந்தது. பிரெஞ்சுக் கார்கள் மில்லிமீட்டர் கணக்கில் பிறந்தவை. சென்னைப் பக்கம் ஓடிய மோரிஸ், ஆஸ்டின், ஸ்டாண்டர்டு கார்கள் இங்கிலாந்தின் அங்குலக் கணக்கில் பிறந்தவை. நட்டின் அளவு மாறினால் ஸ்பானர் மாறும். மரையின் கணக்கு மாறினால் போல்ட்டே மாறும். அங்குல மரை உள்ள ஓட்டையில் மில்லிமீட்டர் போல்ட்டை வைத்து அழுத்தித் திருகினால் இரண்டு சுற்று போகும். மூன்றாவது சுற்றில் மரை அறுந்துவிடும்.

இந்த வித்தியாசம் எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்பதை அனுபவப்பட்டவர்கள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். 3/4 அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர், ஆகவே 19ஆம் நம்பர் ஸ்பானர் அநேகமாக உட்கார்ந்துவிடும். 5/16 அங்குல நட்டுக்கு 8ஆம் நம்பர் போதும். 1/2 அங்குலம் 12.7 மில்லிமீட்டர், 13ஆம் நம்பர் கொஞ்சம் ஆடும், ஆனாலும் சமாளிக்கலாம். 9/16 அங்குலம்தான் வில்லன். அது 14.29 மில்லிமீட்டர். 14ஆம் நம்பர் உள்ளே நுழையாது. 15ஆம் நம்பர் போட்டால் வழுக்கி, நட்டின் முனையை மழுக்கிவிடும். மழுங்கிய நட்டைக் கழற்றப் பிறகு உளியும் சுத்தியும் வேண்டும்.

ஆட்சி மாறிய பிறகும் இந்த இரட்டைக் கணக்கு தொடர்ந்தது. 1956இல் இந்தியா மெட்ரிக் அளவைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால் சாலையில் ஓடிய கார்கள் சட்டத்தைப் படிக்கவில்லை. உத்தரபாராவிலிருந்து வந்த அம்பாசடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்தது, அங்குலம் கேட்கும். பம்பாய் குர்லாவிலிருந்து வந்த ஃபியட், பின்னால் பிரீமியர் பத்மினி, இத்தாலி வழி வந்தது, மில்லிமீட்டர் கேட்கும். இரண்டு வண்டியையும் பார்க்கிற மெக்கானிக் இரண்டு செட் ஸ்பானர் வைத்திருந்தார்.

அம்பாசடர் காலத்து எண்ணெய் மாற்றம் அரைநாள் வேலை. காலையில் வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி எஞ்சினைச் சூடேற்றுவார்கள். சூட்டில்தான் பழைய எண்ணெய் இளகி அடிக் கசடோடு வெளியே வரும். தென்னை நிழலில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, பழைய ஆயில் டின்னைப் பக்கவாட்டில் வெட்டிச் செய்த தட்டை அடியில் தள்ளுவார்கள். டிரெயின் பிளக்கைக் கடைசிச் சுற்றுவரை கையால் அழுத்திப் பிடித்தபடி கழற்றி, சட்டென்று இழுத்துக்கொள்ள வேண்டும். தாமதித்தால் முழங்கைவரை சூடான கருப்பு எண்ணெய். அது வடியும் நேரத்தில் ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, உள்ளே புது ஃபில்டர் வைத்து, ரப்பர் வளையத்தை அதன் பள்ளத்தில் சரியாக உட்காரவைப்பார்கள். வளையம் ஒரு ஓரத்தில் தூக்கிக்கொண்டிருந்தாலும் எஞ்சினைப் போட்டதும் எண்ணெய் பீய்ச்சியடிக்கும். பிளக்கின் அடியில் செம்பு வாஷர் இருக்கிறதா என்று பார்த்து முடுக்கி, சுமார் 4 லிட்டர் புது எண்ணெய் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி, டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் அந்த வேலை முடிந்தது.

அத்தோடு எழுந்துவிட முடியாது. முன்சக்கரப் பக்கம் கிரீஸ் நிப்பிள்கள் காத்திருக்கும். கிரீஸ் கன்னை வைத்து, பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை அழுத்த வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, ‘பாயிண்ட்’டை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, இடைவெளி சரிபார்க்க வேண்டும். அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு அளவு அந்த இடைவெளி. ஃபீலர் கேஜ் இல்லாதவர்கள் விசிட்டிங் கார்டை நுழைத்துப் பார்த்தே வைத்துவிடுவார்கள், வண்டியும் ஓடும்.

சென்னை வண்டலூர்ப் பக்கம் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இந்த வேலைக்காகவே பிறந்தது போல் இருந்தது. அதன் பானெட் மட்டும் திறக்காது; மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து வண்டியின் முகமே முன்பக்கமாகக் கவிழும். எஞ்சின் நாலாபுறமும் திறந்து கிடக்கும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். ஆனால் ஒரு பொறியும் அதில் இருந்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ் மூட்டுக்குக் கிரீஸ் கூடாது, கியர் எண்ணெய்தான் செலுத்த வேண்டும் என்று கையேடு சொல்லும். பழக்கதோஷத்தில் கிரீஸை அடைத்தவர்களும் அதை மறந்தேவிட்டவர்களும் உண்டு. உள்ளே தேய்ந்து துருப்பிடித்து, ஒருநாள் மூட்டு முறிந்து, சக்கரம் மடிந்து உட்கார்ந்துவிடும்.

கார் வாங்கப் பல ஆண்டுகள் பெயர் பதிந்து காத்திருந்த காலம் அது. உதிரிப் பாகமும் எளிதில் கிடைக்காது. வந்த வண்டியை இருபது ஆண்டு ஓட்டியாக வேண்டும். வாடகைக் கார் வைத்து ஓட்டிய ‘ஓனர் டிரைவர்’கள் இந்தக் கலையில் தேர்ந்தது இதனால்தான். வண்டி நின்றால் அன்றைய வரும்படி நின்றது. மெக்கானிக் கூலி கொடுத்தால் மிச்சம் ஒன்றுமில்லை. உமணருக்கு இருந்த அதே கணக்கு.

முதலாளியையும் வேலையாளையும் ஒரே ஆளாக்கியது கார் அல்ல, இருசக்கர வண்டி. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இருவர் போகக்கூடிய முதல் இந்திய மொபெட். குமாஸ்தா, வாத்தியார், பால்காரர், மீன் விற்பவர் என்று யார் வேண்டுமானாலும் வாங்கினார்கள். மேடில்லாத ஊரான புதுச்சேரிக்கு அது அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்தியது. இந்த வண்டிக்கு டிரைவர் வைக்க முடியாது. பெட்ரோலோடு எண்ணெயைக் கலப்பதே ஓட்டுபவர் பொறுப்பு. எண்ணெய் கூடினால் புகை, குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பிளக்கில் கரி படிந்து வண்டி நின்றால் நடுரோட்டில் பிளக் ஸ்பானரை எடுத்துக் கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து, வாயால் ஊதி, மாட்டிக்கொண்டு போவார்கள். பேண்டும் டக்-இன் சட்டையுமாக ஆபீஸ் போகிறவர் ரோட்டோரம் குந்தி உட்கார்ந்து இதைச் செய்வதை யாரும் கேவலமாக நினைக்கவில்லை.

சைலன்சர் அடைத்துக்கொள்வது இன்னொரு கதை. இழுவை குறைந்துவிட்டது என்றால் சைலன்சரைக் கழற்றி, கொல்லையில் சருகும் விறகும் போட்டு எரித்து, உள்ளே இருக்கும் எண்ணெய்க் கரி பற்றிப் பொசுங்கும்வரை விடுவார்கள். ஆறியதும் தரையில் தட்டினால் கரி கட்டி கட்டியாக உதிரும். வாசலில் புகை மணக்கும். அன்று சாயங்காலம் வண்டி புதுசாக ஓடும்.

ஆயுத பூஜைக்கு முதல்நாள் இந்தப் பழக்கம் ஊரறியத் தெருவுக்கு வரும். வண்டியை வாசலில் நிறுத்திச் சோப்புப் போட்டுக் கழுவி, செயினுக்கு எண்ணெய் விட்டு, பிரேக் கம்பியை இழுத்துக் கட்டுவார்கள். மறுநாள் ஸ்பானர், திருப்புளி, கட்டிங் பிளேயர் எல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பூஜையில் உட்காரும்.

கடலோர ஊர் என்பதால் புதுச்சேரி வண்டிக்குக் கூடுதலாக ஒரு எதிரி: உப்புக் காற்று. கோயம்புத்தூரில் பத்து ஆண்டு தாங்கும் சைலன்சர் இங்கே அதில் பாதிகூடத் தாங்காது என்பார்கள். கதவின் அடிவிளிம்பு, மட்கார்டின் உள்மடிப்பு, பேட்டரித் தட்டு ஆகியவை முதலில் அரிக்கும். இதற்கென்று ஒரு கைவைத்தியம் இருந்தது. வண்டியின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவி, காய்ந்ததும் டீசலையோ கழிவு எண்ணெயையோ தெளிப்பார்கள். எண்ணெய்ப் பூச்சின் மேல் உப்பு ஒட்டினாலும் இரும்பைத் தொடாது. மழை வந்தால் அந்த எண்ணெய் தெருச் சாக்கடையோடு போகும் என்பதை அன்று யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இந்தக் கலை தேய ஆரம்பித்ததற்குச் சோம்பலைக் குற்றம் சொல்வது எளிது. காரணம் வண்டியிலேயே இருந்தது. 1961இல் பிரான்சில் ரெனோ 4 என்ற சிறு கார் வந்தது. கிரீஸ் வைக்க இடமே இல்லை, ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், மூடி முத்திரை வைத்தாயிற்று என்பதுதான் அதன் பெருமை. இந்தியாவுக்கு அந்த வகை நிம்மதியைக் கொண்டுவந்தது 1983 டிசம்பரில் வந்த மாருதி 800. அம்பாசடருக்கு மாதாமாதம் செய்தவற்றில் பாதி மாருதிக்குத் தேவைப்படவில்லை. பின்னால் கார்புரேட்டர் போய் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வந்தது. பாயிண்ட் போய் எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்தது. மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றிய எண்ணெய் பத்தாயிரம் கிலோமீட்டர் தாங்கியது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபோது சாதாரண மோட்டார் சைக்கிளிலும் சென்சார்கள் ஏறிக்கொண்டன. கோளாறு என்னவென்று வண்டியே சொல்லும்; ஆனால் அதைப் படிக்கும் கருவி ஷோரூமில் இருக்கும்.

வாரண்டி இன்னொரு பூட்டு. குறித்த கிலோமீட்டரில் குறித்த சர்வீஸ் சென்டரில் முத்திரை குத்தியிருந்தால்தான் இலவசப் பழுதுபார்ப்பு. வாசலும் மாறிவிட்டது. கொல்லை, கிணற்றடி, தென்னை நிழல் இருந்த வீடு இடிந்து அடுக்குமாடி எழுந்தால், கீழ்த்தளத்துப் பார்க்கிங்கில் ஒரு சொட்டு எண்ணெய் சிந்தினாலும் சங்கத்திலிருந்து ஆள் வருவார்.

முதலாளிக்கும் வண்டிக்கும் உள்ள தூரம் புதுச்சேரியில் ஒரு கட்டத்தில் வேடிக்கையான உச்சத்தைத் தொட்டது. இங்கே வாகன வரி குறைவு. அதனால் விலை உயர்ந்த கார்களைப் பிற மாநிலத்தவர் இங்கே பதிவு செய்வது வழக்கமாயிற்று. 2017இல் கேரளத்தில் இது பெரிய சர்ச்சையாக வெடித்தது. புதுச்சேரியில் குடியிருப்பதாகப் பொய் முகவரி காட்டிப் பதிவான ஆடம்பரக் கார்கள் கொச்சியிலும் திருவனந்தபுரத்திலும் ஓடின. பி.ஒய். எண் தாங்கிய அந்தக் கார்களில் சில புதுச்சேரியின் உப்புக் காற்றை ஒருநாள்கூட சுவாசித்திருக்காது.

பிரெஞ்சுக் கார்கள் வேறு வழியாகத் திரும்பி வந்தன. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை திறந்தது. 2017இல் பிரான்சின் பெஜோ நிறுவனம் அம்பாசடர் என்ற பெயரையே 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. அதே குழுமத்தின் சித்ரோன் கார்கள் இப்போது திருவள்ளூரில், ஒருகாலத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் இருந்த தொழிற்சாலையில் தயாராகின்றன. அங்குலம், மில்லிமீட்டர் சண்டை முடிந்தது. எல்லாம் மில்லிமீட்டர்தான், ஆனால் பானெட்டைத் திறந்தால் தெரிவது ஒரு கருப்புப் பிளாஸ்டிக் மூடி.

2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தபோது பழைய அறிவு கொஞ்ச நாளைக்கு மறுபடி மதிப்புப் பெற்றது. ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. மக்களை மீட்க ராணுவம் இறங்கியது. தெருக்களில் நிறுத்தியிருந்த வண்டிகள் தண்ணீரில் நின்றன. நீர் வடிந்ததும் சாவியைப் போட்டுத் திருப்பியவர்களுக்குப் பெரும் செலவு காத்திருந்தது. சிலிண்டருக்குள் புகுந்த நீரை பிஸ்டனால் அழுத்த முடியாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு முதலில் டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்ப்பார்கள். எண்ணெய் பால் விட்ட காபி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. எஞ்சினை ஓடவிடாமல் எண்ணெயை முழுக்க வடித்தாக வேண்டும்.

இன்றும் ஊரில் சொந்தக் கையால் எண்ணெய் மாற்றுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆட்டோ ஓட்டுபவர்கள், சரக்கு வண்டி ஓட்டுபவர்கள், பழைய புல்லட்டை விடாமல் வைத்திருப்பவர்கள். முன்னவர்களுக்குப் பிழைப்பு, பின்னவர்களுக்குப் பித்து. காந்தி வீதியின் ஞாயிறு சந்தையில் துணிமணிக் குவியல்களைத் தாண்டிப் பழைய சாமான் பக்கம் போனால் ஸ்பானரைத் தூக்கி வெளிச்சத்தில் அதன் நம்பரைப் படிப்பவர்களைப் பார்க்கலாம்.

அவர்கள் வடிக்கும் எண்ணெய் எங்கே போகிறது என்ற கேள்விக்குத்தான் இன்னும் சரியான ஏற்பாடு இல்லை. பழைய நாளில் அதற்குப் பல உபயோகம்: சென்ட்ரிங் பலகையில் சிமெண்ட் ஒட்டாமல் தடவுவார்கள், மரத்தூணில் கரையான் ஏறாமல் பூசுவார்கள், மிச்சத்தை வேலியோரம் கொட்டுவார்கள். புதுச்சேரி நகரம் குடிப்பது முழுக்க நிலத்தடி நீர். கழிவு எண்ணெயில் எஞ்சின் தேய்மானத்தின் உலோகத் துகளும் எரிந்த எரிபொருளின் நச்சும் கலந்திருக்கும். 1989இலேயே அபாயகரக் கழிவு விதிகள் வந்துவிட்டன. 2024 ஏப்ரல் 1 முதல், விற்ற எண்ணெயில் ஒரு பங்குக்கு ஈடாகக் கழிவு எண்ணெயைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பு எண்ணெய் தயாரிப்பவர்கள் மேலும் இறக்குமதி செய்பவர்கள் மேலும் சுமத்தப்பட்டிருக்கிறது. பெரிய ஒர்க்‌ஷாப்பின் பீப்பாயைத் தேடி லாரி வரும். ஆட்டோக்காரர் வீட்டு வாசலில், வெட்டிய டின்னில் இருக்கும் அந்தக் கொஞ்சம் எண்ணெயைத் தேடி இதுவரை யாரும் வருவதில்லை. அவரே அதை ஒரு கேனில் ஊற்றி, மூடியை இறுக்கி, அடுத்த சவாரி போகும் வழியில் தெரிந்த பட்டறையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டியிருக்கிறது.